சீசன் முடிந்தபின் பூக்கும் மலை

(பழனி மலைத்தொடரின் காட்டுப்பூக்களைத் தேடிக் கண்டறிவது பற்றி மலையேற்ற ஆர்வலர்கள் முன் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கொடைக்கானலில் மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கும். பிரையண்ட் பூங்காவில் டேலியா, சால்வியா, பெட்டூனியா, பேன்சி என்று பாத்தி பாத்தியாகப் பூத்திருக்கும். வத்தலக்குண்டிலிருந்து ஏறும் மலைப்பாதையில் வண்டிகள் ஊர்ந்து போகும். வந்தவர்கள் பூக்களின் முன்னால் நின்று படம் எடுத்து, ஏரியில் படகு விட்டு, சாக்லேட்டும் யூகலிப்டஸ் தைலமும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

டேலியாவுக்குச் சொந்த ஊர் மெக்சிகோ. சிவப்புச் சால்வியா பிரேசிலிலிருந்து வந்தது. பெட்டூனியாவும் தென் அமெரிக்கப் பூதான். பழனி மலையின் சொந்தப் பூக்களை மலை மேலே பார்க்க நினைப்பவருக்கு மே மாதம் தோதான மாதமே இல்லை. கூட்டம் இறங்கிப் போய், மழை பிடித்து, புல் முழங்கால் உயரம் வளர்ந்த பிறகு ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் மலையின் உச்சிப் புல்வெளிகள் பூக்கின்றன. அடிவாரக் காடுகள் அதற்கும் பிந்தி, வடகிழக்குப் பருவமழையில் ஒருமுறையும், இலையுதிர்ந்த கோடையில் ஒருமுறையும் பூக்கின்றன. அப்போது வரும் சிலரும் அருவியைப் பார்க்கிறார்கள், மேகத்தைப் பார்க்கிறார்கள். காலடியில் இருப்பதை மிதித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

காட்டுப்பூவை அடையாளம் காண்பதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்றுதான். நிறத்திலிருந்து தொடங்குவது. "ஊதாப் பூ ஒன்று பார்த்தோம், அது என்ன?" என்று கேட்டால் எந்தத் தாவரவியலாளராலும் பதில் சொல்ல முடியாது. செடி எந்த உயரத்தில், எந்த மாதிரி நிலத்தில் நின்றது, என்ன மாதம், இலை எதிரெதிராக இருந்ததா மாறி மாறி இருந்ததா என்று அவர் திருப்பிக் கேட்பார். இடம், பருவம், இலை, அதன் பிறகு பூ. இந்த வரிசையில் பார்க்கப் பழகியவருக்குப் பாதி வேலை பூவைத் தொடும் முன்பே முடிந்துவிடும்.

முதலில் இடம். மலைச்சாலையின் ஓரத்தில் கண்ணில் படும் பூக்களில் பெரும்பங்கு வெளியூர்ப் பூக்கள். மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்து கொத்துக் கொத்தாகப் பூக்கும் உண்ணிச்செடி அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாகக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்து, அங்கிருந்து நாடு முழுவதும் பரவியது. ஈரமான மேட்டுச் சரிவுகளில் வெள்ளை வெள்ளையாகப் புதர் மண்டியிருக்கும் அஜரட்டைனா மெக்சிகோவிலிருந்து வந்தது. கொடைக்கானலின் ஓடைக்கரைகளில் வெள்ளைப் புனல் மாதிரிப் பூக்கும் கால்லா லில்லி தென்னாப்பிரிக்காவுக்குரியது. சாலை வெட்டிய மண்ணிலும் தோட்டத்து ஓரத்திலும் ஒரே வகைச் செடி வேறெதையும் வளரவிடாமல் ஏக்கர் கணக்கில் பூத்து நின்றால் அது வந்தேறிய செடியா என்று சந்தேகப்படலாம். குறிஞ்சி போன்ற விதிவிலக்குகள் சில உண்டு. மற்றபடி மலையின் சொந்தப் பூக்கள் பெரும்பாலும் கலந்துதான் நிற்கும். ஒரு சதுர மீட்டர் புல்லுக்குள் ஐந்தாறு வகை இருக்கும்.

மலையேறுபவருக்குப் பழனி மலை நல்ல பள்ளிக்கூடம். பெரியகுளத்துக்கு அருகே கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் பழைய நடைபாதை ஒன்று இருக்கிறது. மோட்டார் சாலை போடப்படுவதற்கு முன்பு மேலே போனவர்கள் நடந்தும் குதிரையிலும் டோலியிலும் போன காலத்தின் பாதை. அதில் ஏறினால் வறண்ட முட்புதரில் தொடங்கி, இலையுதிர் காடும் காபித் தோட்டமும் கடந்து, 2,000 மீட்டர் உயரத்துச் சோலைக்காடு வரைக்கும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். ஒவ்வொரு மட்டத்திலும் பூக்கள் மாறும். இன்றைய பேச்சும் அதே வரிசையில்தான் மேலே ஏறுகிறது.

அடிவாரத்தில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கத்து விவசாயிகள் இதைக் கண்வலிக்கிழங்கு என்று சொல்லி, விதைக்காகப் பந்தலிட்டு வளர்க்கிறார்கள். விதையிலிருந்து எடுக்கும் கால்சிசின் மருந்துக்குப் போகிறது. செடி முழுவதும் நஞ்சு, கிழங்கு இன்னும் கடும் நஞ்சு. காட்டில் இது வேலியிலும் புதரிலும் தொற்றி ஏறும். பூவைப் பார்க்காமலே இதை அடையாளம் காண முடியும்: இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிப் பக்கத்துக் கிளையைப் பிடித்திருக்கும். பூ விரியும்போது இதழ்களின் அடி மஞ்சளாகவும் நுனி சிவப்பாகவும் இருக்கும். நாளாக ஆகச் சிவப்பு கீழே இறங்கி முழுவதும் பரவும். ஆறு இதழ்களும் பின்னோக்கி மடங்க, சூல்தண்டு அடியிலேயே ஏறக்குறைய செங்கோணத்தில் ஒரு பக்கமாகத் திரும்பி நீட்டிக்கொண்டிருக்கும்.

கோடையில் அதே அடிவாரத்தில் ஒரு சோதனை காத்திருக்கிறது. வெள்ளை நட்சத்திரப் பூக்களோடு இரண்டு மரங்கள். இரண்டுக்கும் இலை எதிரெதிராக இருக்கும். இரண்டிலும் கிள்ளினால் பால் வடியும். இரண்டும் ஒரே குடும்பம். ஒன்று வெட்பாலை, மற்றது குடசப்பாலை. கைலென்ஸ் இருந்தால் சிக்கல் தீர்ந்தது. வெட்பாலைப் பூவின் நடுவில் குஞ்சம் போன்ற வெள்ளை இழைகள் வட்டமாக நிற்கும். அதற்கு நடுவே மகரந்தப் பைகள் கூம்பாகச் சேர்ந்து வெளியே தெரியும். குடசப்பாலையில் குஞ்சமே கிடையாது. மகரந்தப் பைகள் பூக்குழலுக்குள் மறைந்திருக்கும். பூ உதிர்ந்துவிட்டதா, காயைப் பார்க்கலாம். வெட்பாலைக் காய்கள் இரண்டும் நுனியில் ஒட்டிக்கொண்டு தொங்கும். குடசப்பாலையில் இரண்டும் தனித்தனியாக மெலிந்து நீண்டு தொங்கும். சித்த மருத்துவத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பயன் உண்டு. பட்டையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் குழம்புவதற்குக் காரணம் இந்த ஒற்றுமைதான்.

இன்னொரு சோடி கொன்றை. சித்திரையில் சரம் சரமாகக் கீழ்நோக்கித் தொங்கும் சரக்கொன்றை இந்த மண்ணின் மரம். முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் அண்மைக் காலத்தில் பெருகிய மஞ்சள் கொன்றை அமெரிக்கக் கண்டத்து மரம். அதன் பூங்கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். பூக்கும் காலத்தில் தொலைவிலிருந்து பார்த்தால் அதன் அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் அடியில் புல் முளைப்பதில்லை, மான் மேய எதுவும் மிஞ்சுவதில்லை. அரசு இப்போது இந்த மரங்களை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு மட்டத்துக்கு ஏறினால் காபித் தோட்டங்களும் அவற்றுக்கு நிழல் தரும் மரங்களும், மரங்களின் கிளைகளில் ஆர்க்கிடுகளும் வரும். அங்கே ஓடையோரப் பாறைகளில் நின்று பார்க்க வேண்டியவை காட்டுக் காசித்தும்பைகள். வீட்டு முற்றத்தில் வளரும் காசித்தும்பையின் காய் தொட்டதும் வெடித்து விதை தெறிப்பதைச் சிறு வயதில் விளையாடிப் பார்க்காதவர்கள் கிராமத்தில் குறைவு. அந்த இம்பேஷன்ஸ் பேரினத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் 100க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லை. சில இனங்கள் ஒரே ஒரு மலையோடு நின்றுவிடுகின்றன.

ஒரு காட்டுக் காசித்தும்பைப் பூவைப் பறிக்காமல், கீழே குனிந்து பக்கவாட்டில் பார்க்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் இதழ் மட்டும்தான் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் பின்பக்கம் ஒரு வால் தெரியும். கீழ்ப்புல்லியிதழ் கிண்ணம் போலக் குழிந்து, அதன் முனை நீண்டு தேன்குழலாகி இருக்கும். இந்த வால் குட்டையா, நீளமா, நேரா, வளைந்ததா என்பதை வைத்தே பல இனங்களைப் பிரிக்கிறார்கள். அடுத்தது பூவின் நடு. மகரந்தப் பைகள் ஒன்றாக ஒட்டி, சூல்முடியின் மேல் தொப்பி போட்டது போலிருக்கும். பூ விரிந்த சில நாளில் அந்தத் தொப்பி முழுசாகக் கழன்று விழ, சூல்முடி வெளியே வரும். ஒரே பூ முதலில் ஆணாகவும் பிறகு பெண்ணாகவும் வேலை செய்கிறது. செடியில் தொப்பியுள்ள பூவும் தொப்பி விழுந்த பூவும் அருகருகே இருக்கும். இதைத் தெரியாதவர்கள் இரண்டையும் இரண்டு வகை என்று குறித்துக்கொள்வதுண்டு.

பாறையில் மழை நீர் கசியும் இடங்களில், தண்டே இல்லாமல் அடியில் ஓரிரு இலைகளும் அவற்றின் நடுவிலிருந்து ஒரு காம்பும் மேலே பூவுமாக இருக்கும் காசித்தும்பைகளும் உண்டு. இம்பேஷன்ஸ் ஸ்கேபிஃப்ளோரா அப்படிப்பட்டது. மழை நின்றால் இலையும் காய்ந்து மறைந்துவிடும். ஜனவரியில் போகிறவர் அதே பாறையை வெறும் பாறையாகத்தான் பார்ப்பார்.

மேலே, 1,800 மீட்டருக்கு அப்பால், மலையின் முகம் மாறுகிறது. மடிப்புகளில் நீர் ஊறும் இடங்களில் அடர்ந்த குட்டையான சோலைக்காடு. முதுகிலும் சரிவிலும் புல்வெளி. சோலையும் புல்லும் அருகருகே, எல்லைக்கோடு போட்டதுபோல நிற்கும். மரத்தை வெட்டியதால்தான் புல் வந்தது என்று நெடுங்காலம் பலர் நம்பினார்கள். நீலகிரியின் சதுப்பு மண்ணில் அடுக்கடுக்காகப் படிந்த கரிமத்தை ஆராய்ந்து, சூழலியலாளர் ஆர். சுகுமாரும் உடன் ஆய்ந்தவர்களும் 1993இல் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை அந்த நம்பிக்கையைப் பெரிதும் ஆட்டியது. சுமார் 20,000 ஆண்டுகளாகப் புல்லும் காடும் பருவநிலைக்கேற்பக் கூடிக் குறைந்து அங்கே இருந்து வந்திருக்கின்றன. மனிதன் கோடரியோடு வருவதற்கு வெகு முன்பே அங்கே புல் இருந்தது.

அந்தப் புல்லுக்குள்தான் மலையின் பூக்கள் இருக்கின்றன. செப்டம்பரில் ஒரு சரிவில் உட்கார்ந்து கை எட்டும் தூரத்துக்குள் தேடினாலே போதும். சுண்டுவிரல் நகம் அளவுக்கு நீல ஜென்ஷியன் தரையோடு ஒட்டி இருக்கும். வெயில் பட்டால் விரியும், மேகம் மூடினால் சுருங்கும். மூடுபனியில் நடந்து போனவர் ஒன்றைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஈரம் கசியும் இடத்தில் அழுகண்ணி நிற்கும். இலையின் ஓர மயிர் ஒவ்வொன்றின் நுனியிலும் பசைத்துளி மின்ன, அதில் கொசு ஒட்டிச் செரித்துக்கொண்டிருக்கும். பெடிகுலாரிஸ் என்ற செடி பெரணி போலப் பிளவுபட்ட இலையோடு அழகாக ஊதா நிறத்தில் பூக்கும்; மண்ணுக்குள் அதன் வேர் பக்கத்துப் புல்லின் வேரைத் துளைத்து உணவை உறிஞ்சிக்கொண்டிருக்கும். புல் போனால் அதுவும் போய்விடும்.

நிலத்தில் வளரும் ஆர்க்கிடுகளும் அங்கே உண்டு. இளஞ்சிவப்பில் நெருக்கமாகக் கதிர் விட்டுப் பூக்கும் சாட்டிரியம் நேபாளென்ஸ் முதலில் கற்றுக்கொள்ள ஏற்றது. ஒவ்வொரு பூவின் பின்னாலும் இரண்டு வால்கள் இருக்கும். அதே புல்வெளியில் வளரும் ஹபனேரியா ஆர்க்கிடுகளுக்கு ஒரு வால்தான். ஒன்றா இரண்டா என்று எண்ணினாலே பேரினம் தெரிந்துவிடும். வெள்ளை எக்காளம் போல நீண்டு மணக்கும் நீலகிரி லில்லியும் இதே பருவத்தில் புல்லுக்கு மேலே தலை நீட்டும். செங்காந்தளை ஆங்கிலத்தில் லில்லி என்று சொன்னாலும் அது வேறு குடும்பம். உண்மையான லில்லி இந்த மலைகளில் இது ஒன்றுதான்.

இன்னும் ஒரு சோடியைக் கிட்டப் பார்ப்பது பயன் தரும். புதராக வளர்ந்து, இளஞ்சிவப்பில் ஐந்து இதழோடு பூக்கும் தவிட்டுப்பழச் செடி. அதே போன்ற நிறத்தில் பூக்கும் ஆஸ்பெக்கியா. இரண்டிலும் இலை எதிரெதிர். இரண்டிலும் அடியிலிருந்து நுனி வரை நீளவாக்கில் ஓடும் நரம்புகள். இலையைத் திருப்பினால் தவிட்டுப்பழச் செடியின் அடிப்பக்கம் வெள்ளைப் பஞ்சு போர்த்தியிருக்கும். பூவுக்குள் பார்த்தால் எண்ண முடியாத அளவுக்கு மகரந்தத் தாள்கள். ஆஸ்பெக்கியாவில் பத்துக்கு மேல் இருக்காது. அவையும் தடித்து வளைந்திருக்கும், நுனியில் சிறு துளை மட்டுமே. வண்டு அதைப் பற்றிக்கொண்டு உடலை அதிர்த்தால்தான் மகரந்தம் துளை வழியாகக் கொட்டும். முதல் செடி கொய்யாவின் குடும்பம், இரண்டாவது வேறு குடும்பம். நிறத்தை நம்பியவர் இரண்டையும் ஒன்று என்றே எழுதியிருப்பார்.

குளிர் மாதங்களில் புல் காய்ந்து பழுப்பேறிய பிறகு, சோலையின் விளிம்பில் காட்டுப்பூவரசு பூக்கும். ரோடோடெண்ட்ரான் வகை, இரத்தச் சிவப்பு. பட்டை தடித்து வெடித்திருப்பதால் புல்வெளித் தீயைத் தாங்கும். இதன் நெருங்கிய உறவுகள் இமயமலையில் இருக்கின்றன. இடையில் சுமார் 2,000 கிலோமீட்டர் சமவெளியில் ஒன்றும் கிடையாது.

இப்போது குறிஞ்சி. ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என்ற நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். கொடைக்கானல், மூணாறு பகுதியில் 1994, 2006, 2018 ஆண்டுகளில் பூத்தது. அடுத்தது 2030. பூத்துக் காய்த்து விதை விட்டதும் அத்தனை செடியும் பட்டுப்போகும். அடுத்த மழையில் விதை முளைத்துப் புது வரிசை தொடங்கும். ஒரே சமயத்தில் கணக்கில்லாமல் விதை கொட்டினால் தின்னும் பூச்சிக்கும் எலிக்கும் போக மிச்சம் முளைக்கும் என்பது இந்த ஒழுங்குக்கு அறிவியலார் தரும் விளக்கங்களில் ஒன்று.

செய்தித்தாளில் வேறு ஆண்டுகளிலும் "குறிஞ்சி பூத்தது" என்று படம் வருகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. தவறான செய்தி என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தில் தென்னிந்திய மலைகளில் பல பத்து இனங்கள் இருக்கின்றன. சில ஆண்டுதோறும் பூக்கும். சில பல ஆண்டு இடைவெளி விட்டுப் பூக்கும். நீலக்குறிஞ்சியே ஒவ்வொரு மலையிலும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை. ஆகவே "குறிஞ்சி பூத்தது" என்ற செய்தியைக் கேட்டதும் எந்தக் குறிஞ்சி, எந்த மலை என்று கேட்பதுதான் சரி.

நீலக்குறிஞ்சியின் இலை எதிரெதிராக, ஓரத்தில் பல் பல்லாக இருக்கும். பூ மணி வடிவில், ஐந்து மடலாக, பூவடிச் செதில்களுக்கு இடையே கதிராக நெருங்கி வரும். பூ வரும் ஓர் ஆண்டைத் தவிர மீதி 11 ஆண்டுகளும் அது வெறும் பச்சைப் புதர்தான். அப்போதும் அடையாளம் காணத் தெரிந்தவர்கள் இருந்தால்தான் அந்தச் சரிவு பிழைக்கும். ஏனென்றால் பூக்காத புல்வெளி வருவாய்க் கணக்கில் தரிசு. ஆங்கிலேயர் காலம் தொட்டு அப்படித்தான் எழுதி வைத்தார்கள். தரிசு என்றால் எதையாவது நட வேண்டும். தோல் பதனிடத் தேவையான டானினுக்காகச் சீகை என்று சொல்லப்படும் வாட்டில் மரம், மரக்கூழுக்கும் விறகுக்கும் யூகலிப்டஸ், பைன். சுதந்திரத்துக்குப் பிறகு இந்த நடவு இன்னும் வேகம் பிடித்தது. செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, 40 ஆண்டுகளில் பழனி மலையின் மேட்டுப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று கணக்கிட்டது. சுற்றுலாப் பயணிகள் விரும்பிப் படம் எடுக்கும் பைன் காட்டுக்குள் கீழே பார்த்தால் ஊசியிலைச் சருகு மட்டும்தான் கிடக்கும்.

இவ்வளவையும் பதிவு செய்து வைத்தவர்கள் யார்? கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறது. உலக இலக்கியத்தில் அதற்கு இணையான பட்டியல் அரிது. ஆனால் அவற்றில் சில எந்தச் செடி என்பதில் உரைகாரர்களும் தாவரவியலாளர்களும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. பெயர் இருக்கிறது, மாதிரி இல்லை. தாவரவியல் இந்தச் சிக்கலுக்கு உலர்தாவரத் தொகுப்பு என்ற வழியைக் கண்டது. செடியை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று எழுதி வைத்துவிட்டால் 200 ஆண்டு கழித்தும் சரிபார்க்கலாம்.

தென்னிந்தியாவில் அதைப் பெரிய அளவில் செய்தவர் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக அவர் சென்னையில் வெளியிட்ட ஐகோன்ஸ் நூலில் 2,000க்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. அவருக்காக வரைந்த ஓவியர்களில் முதன்மையானவர்கள் ரங்கையாவும் கோவிந்துவும். கோவிந்துவின் பெயரில் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் பெயர் சூட்டினார். பின்னாளில் அது வேறொரு பேரினத்தில் சேர்க்கப்பட்டாலும், இந்திய ஓவியருக்கு அப்படி ஒரு மரியாதை செய்தது அந்தக் காலத்தில் அபூர்வம்.

மலையேறுபவருக்கு நேரடியாகக் கைகொடுக்கும் முதல் நூலை எழுதியவர் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பி.எஃப். ஃபைசன். நீலகிரி, பழனி மலைகளில் 6,500 அடிக்கு மேலே உள்ள பூச்செடிகளைப் பற்றியது. 1915இல் வெளிவரத் தொடங்கியது. ஃபைசனின் மனைவியும் லேடி போர்னும் வரைந்த கோட்டோவியங்கள் இன்றும் பயன்படுகின்றன. லேடி போர்ன் கொடைக்கானலைச் சுற்றிக் கணவரோடு செடி சேகரித்தவர். பழனி மலைக்கே உரிய, துளசிக் குடும்பத்துச் செடி ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டினார் தாவரவியலாளர் கேம்பிள். சென்னை மாகாணத்தின் தாவரங்களை 1915 முதல் பகுதி பகுதியாகத் தொகுத்தவர் அதே கேம்பிள்தான். அவர் இறந்த பிறகு ஃபிஷர் அதை 1936இல் முடித்தார். நூறாண்டாகியும் தமிழ்நாட்டுச் செடிக்குப் பெயர் தேடுகிறவர் கேம்பிளைப் புரட்டாமல் இருக்க முடியாது.

பிறகு வந்தவர் கே.எம். மேத்யூ. இயேசு சபைத் துறவி. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் ராபினட் ஹெர்பேரியத்தை நிறுவினார். சமவெளித் தமிழ்நாட்டின் தாவரங்களைப் பல தொகுதிகளாக முடித்துவிட்டு, 1999இல் பழனி மலைக்கென்றே மூன்று தொகுதிகள் கொண்டுவந்தார். கொடைக்கானலுக்கு அருகே செண்பகனூரில் தாவர ஆய்வுக்கு இயேசு சபையினர் தந்த இடம் இந்த மரபின் இன்னொரு கிளை.

இந்த நூல்களில் எல்லாம் திறவுகோல் என்று ஒன்று இருக்கும். இரண்டிரண்டு கேள்வியாகப் போகும். இலை எதிரெதிரா, மாறியா? எதிரெதிர் என்றால் தண்டு சதுரமா, உருளையா? சதுரம் என்றால் பூ இருதட்டாகப் பிளந்ததா? ஒவ்வொரு விடைக்கும் பாதிக் குடும்பங்கள் கழிந்துபோகும். பழகும்வரை எரிச்சலாக இருக்கும். முதலில் ஐந்து குடும்பங்களை மட்டும் கற்றுக்கொண்டால் போதும்: குறிஞ்சிக் குடும்பம், துளசிக் குடும்பம், பயறுக் குடும்பம், சூரியகாந்திக் குடும்பம், ஆர்க்கிட் குடும்பம். தமிழ்நாட்டு மலையில் ஒரு நடையில் பார்க்கும் பூக்களில் பெரும் பகுதி இவற்றுக்குள் அடங்கிவிடும்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சிறு அளவுகோல், குறிப்பேடு, கைபேசி. கைபேசியில் பூவை மட்டும் நெருங்கிப் படம் எடுப்பதுதான் வழக்கமான கோளாறு. செடி முழுவதும் ஒரு படம், இலை தண்டில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று ஒன்று, இலையின் அடிப்பக்கம், பூவின் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கப் புல்லிவட்டம், காய் இருந்தால் காய். பக்கத்தில் அளவுகோல். உயரம், நாள், நிலம் ஈரமா பாறையா என்பது குறிப்பேட்டில். இத்தனையும் இருந்தால் வீட்டுக்கு வந்து நிதானமாகத் தேடலாம், தெரிந்தவரிடம் கேட்கலாம்.

படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் செயலிகள் இப்போது எல்லார் கையிலும் இருக்கின்றன. தோட்டப்பூவுக்கும் களைச்செடிக்கும் அவை நன்றாக வேலை செய்யும். அவற்றின் படங்கள் உலகெங்கும் குவிந்து கிடப்பதால். ஒரே ஒரு மலையில் மட்டும் வளரும் காசித்தும்பைக்குப் படங்கள் குறைவு. அங்கே செயலி பேரினம் வரைக்கும் சரியாக வந்து, இனத்தில் தடுமாறும். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படம் ஏற்றினால் மற்றவர்களும் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் அது ஆய்வுத் தரப் பதிவாகும். அரிய இனமாக இருந்தால் சரியான இடத்தைத் தளமே மறைத்து, சுமார் 20 கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ என்று மட்டும் காட்டும். ஆர்க்கிடுகளைப் பிடுங்கி விற்கிறவர்களும் இணையம் பார்க்கிறார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் இடத்தைப் போடுகிறவர்களும் அதே கவனத்தைக் கடைப்பிடிப்பது நல்லது.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு அதன் எல்லைக்குள் ஒரு பூவையும் பறிக்க அனுமதி இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நீலக்குறிஞ்சி மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. பிடுங்கினால் சிறைத் தண்டனை வரை போகும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறியவர்கள் பலர் உயிரிழந்ததை அடுத்து, அனுமதியில்லாமல் காட்டுக்குள் நடப்பதற்கு விதிகள் இறுகின. 2024 முதல் வனத்துறையே வழிகாட்டியோடு கூடிய நடைப்பாதைகளை இணையப் பதிவு மூலம் திறந்திருக்கிறது. கோடையில் தீ அபாயம் இருக்கும் மாதங்களில் அவை மூடப்படும். வழிகாட்டிகளாக வருகிறவர்களில் மலைவாழ் மக்களும் உண்டு. பளியர் போன்றோருக்குச் செடியின் பெயரும் பயனும் பூக்கும் காலமும் நூலைவிட நுட்பமாகத் தெரியும். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளும்போது சொன்னவர் பெயரையும் ஊரையும் அவர் சம்மதத்தோடு குறிப்பேட்டில் சேர்ப்பது முறை.

கூட்டத்துக்கு வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில், அனுமதியுள்ள ஒரே ஒரு பாதையைத் தேர்ந்துகொள்ளுங்கள். சேர்வராயனோ, கொல்லிமலையோ, ஜவ்வாதோ, பழனியோ, எதுவானாலும் சரி. தை, சித்திரை (பாதை திறந்திருந்தால்), ஆவணி, ஐப்பசி என்று ஆண்டில் நான்கு முறை அதே பாதையில் நடந்து, பார்த்த ஒவ்வொரு பூச்செடியையும் இலையோடும் நாளோடும் உயரத்தோடும் பதிவு செய்யுங்கள். புல்வெளியைத் தரிசு என்று எழுதிய கோப்பு அடுத்த முறை மேசைக்கு வரும்போது, அங்கே என்னென்ன இருக்கிறது என்று எடுத்துக் காட்ட அந்தப் பதிவுகள் உதவும்.